வீட்டுக்கு வெளியே இருந்த அப்பா: ஓய்வுபெற்ற உழைப்பாளி ஒருவரின் வாழ்க்கையை எழுதி வைக்க முழுமையான வழிகாட்டி

ஒருவர் மறைந்த சில நாள்களுக்குள் அவரைப் பற்றி எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். அன்பானவர், கடின உழைப்பாளி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர் என்று அவை சொல்லும். அவற்றில் எதுவும் பொய்யில்லை. இருந்தும், பெயரையும் தேதியையும் மாற்றிவிட்டால் அக்குறிப்பை வேறு எவருக்கும் பொருத்திவிடலாம்.

என் தந்தை ஆலைகளில் ஃபிட்டராக 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மறைந்தபோது நாங்கள் எழுதிய அரைப் பக்கமும் அப்படித்தான் இருந்தது. மூன்று மாதங்களுக்குப் பிறகு அவருடன் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசினார். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் கூட்டில் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, அதன் கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கண்களை மூடிக் கேட்டு, இந்த பேரிங் இன்னும் இத்தனை நாள்தான் தாங்கும் என்று அப்பா சொல்லிவிடுவாராம். வீட்டில் எங்களுக்குத் தெரிந்த அப்பா காது மந்தமானவர். தொலைக்காட்சியை உரக்க வைத்துப் பார்ப்பவர். அந்த இரண்டு காதுகளும் ஒருவருடையவை என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு அவருடைய மரணம் வரை ஆயிற்று.

உழைத்து ஓய்ந்த ஒருவரின் வாழ்க்கை இப்படி இரண்டு துண்டுகளாகத்தான் கிடக்கும். வீட்டார் ஒரு துண்டை அறிவார்கள், உடன் வேலை பார்த்தவர்கள் மற்றொன்றை அறிவார்கள், இரண்டையும் அறிந்தவர் அவர் ஒருவரே. அந்தத் துண்டுகளைச் சேர்த்து எழுதுவதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். தந்தையை நினைவில் வைத்து எழுதினாலும், தாத்தா, மாமனார், மூத்த சகோதரர் என்று எவரைப் பற்றி எழுதுவோருக்கும் இது பொருந்தும்.

முதல் படி: எதை எழுதப் போகிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மறைவுக்குப் பின் எழுத நேர்பவை மூன்று: செய்தியைத் தெரிவிக்கும் அறிவிப்பு, நினைவுக் கூட்டத்தில் வாசிக்கும் பேச்சு, குடும்பத்தில் தங்கப் போகும் நினைவேடு. இம்மூன்றையும் ஒரே எழுத்தில் அடக்க முயன்றால் மூன்றும் கெடும்.

அறிவிப்பை அன்றே எழுதியாக வேண்டும். பெயர், வயது, பார்த்த வேலை, மறைந்த நாள், நெருங்கிய குடும்பத்தார், இறுதி மரியாதை நடக்கும் இடமும் நேரமும் ஆகியவை போதும். அதை எழுதும் பொறுப்பைச் சற்று நிதானமாக இருக்கக்கூடிய ஓர் உறவினரிடம் விடுவது நல்லது. ஆனால் ஒரு சொல்லை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள். இறந்தார், மறைந்தார், காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார் என்று தமிழில் பல சொற்கள் உள்ளன. ஒவ்வொன்றும் இறந்தவரின் நம்பிக்கையைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறது. வாழ்நாள் முழுதும் கடவுள் நம்பிக்கை இல்லாமல் இருந்தவரைக் கடைசி வரியில் இறைவனடி சேர்ப்பது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. நம்பியவருக்கு அச்சொல்லை மறுப்பதும் அப்படியே.

பேச்சுக்கு ஒரு நிகழ்ச்சி போதும், மிஞ்சினால் இரண்டு. ஐந்து நிமிடத்துக்கு 400 முதல் 500 சொற்கள் வரை எழுதிக்கொண்டு, கடிகாரத்தை வைத்து உரக்க வாசித்துப் பாருங்கள். மேடையில் குரல் தழுதழுக்கும். இடையில் நிற்க வேண்டிவரும். ஆகவே வீட்டில் நான்கு நிமிடத்தில் முடிவதே அங்கே ஐந்து நிமிடமாகும். பெரிய எழுத்தில் அச்சிட்டு, உங்களால் முடியாமல் போனால் தொடர்ந்து வாசிக்க இன்னொருவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்து வையுங்கள்.

நினைவேட்டுக்கு அவசரமில்லை. இறந்தவரை நினைந்து இரங்கும் பாட்டுக்குத் தமிழ் இலக்கணம் கையறுநிலை என்று பெயர் வைத்தது. செய்வதறியாமல் செயலற்று நிற்கும் நிலை அது. அந்த நிலையில் இருப்பவரால் ஒரு வாழ்க்கையை வரிசைப்படுத்தி எழுத இயலாது. எழுதுவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டாலும் குறைவில்லை. சேகரிப்பதை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். இனி வரும் படிகள் அனைத்தும் நினைவேட்டைப் பற்றியவை.

இரண்டாம் படி: அழியக்கூடியவற்றை முதலில் காப்பாற்றுங்கள்

துக்கம் விசாரிக்க வருபவர்கள் முதல் இரண்டு வாரங்களில் சொல்லும் கதைகள் பிறகு ஒருபோதும் அதே வேகத்துடன் வெளிவருவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, யார் சொன்னது, எதைப் பற்றியது, அவரை எப்படித் தொடர்புகொள்வது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதி வையுங்கள். முழுக் கதையை அப்போது கேட்டு எழுத வேண்டியதில்லை; யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

அவருடைய கைப்பேசியை எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள், உள்ளடக்கத்தை அழிக்கவும் வேண்டாம். பயன்பாட்டில் இல்லாத எண் சிறிது காலத்தில் வேறொருவருக்குப் போய்விடும். வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாள்கள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் நீக்கப்படுகிறது. இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத தனிநபர் கணக்குகளைப் படங்கள், அஞ்சல்களோடு சேர்த்து அழித்துவிடலாம் என்பது 2023 முதல் கூகுளின் விதி. ஆகவே குரல் செய்திகள், படங்கள், தொடர்பு எண்களின் பட்டியல் ஆகியவற்றை முதல் மாதத்திலேயே வேறு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். குரல் செய்திகளை மிகச் சாதாரணமானவை என்று ஒதுக்க வேண்டாம். “வரும்போது மாத்திரை வாங்கிட்டு வா” என்ற ஐந்து நொடிப் பதிவில் அவர் இருக்கும் அளவுக்கு எந்த நிழற்படத்திலும் இருக்கமாட்டார்.

அவருடைய மேசை, கருவிப் பெட்டி, அலமாரி, வேலைக்குக் கொண்டுபோன பை ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதற்கு முன், அவர் வைத்த நிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர்களை அளவு வரிசையில் துணியில் சுற்றி வைத்திருந்தார் என்பது பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்த பிறகு தெரியாது. பர்சில் இருந்த சீட்டுகள், நாட்குறிப்பின் ஓரத்தில் போட்ட கூட்டல் கணக்குகள், பழைய ரசீதின் பின்புறம் எழுதிய குறிப்புகள் ஆகியவற்றையெல்லாம் ஓராண்டு வரை எறியாமல் ஓர் அட்டைப் பெட்டியில் வைத்திருங்கள்.

மூன்றாம் படி: இரட்டை ஆண்டு வரிசை

ஒரு பெரிய தாளை எடுத்து நெடுக்கில் கோடுகள் போட்டு ஐந்து பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் ஆண்டு. இரண்டாவதில் அவர் வயது. மூன்றாவதில் வீட்டில் நடந்தவை. நான்காவதில் வேலையில் நடந்தவை. ஐந்தாவதில் குடியிருந்த இடம். பள்ளிச் சான்றிதழ், திருமணப் பதிவு, பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டு, இடமாற்ற உத்தரவு, பதவி உயர்வுக் கடிதம், ஓய்வு ஆணை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கடன் பத்திரம் ஆகியவற்றிலிருந்து தேதிகளை எடுத்து நிரப்புங்கள். சான்றிதழில் உள்ள பிறந்த தேதியும் வீட்டில் சொல்லும் தேதியும் வேறுபட்டால் இரண்டையும் குறித்துவையுங்கள்.

பலர் இதைச் சலிப்பூட்டும் வேலை என்று எண்ணித் தாண்டிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். மூன்றாவது பத்தியும் நான்காவது பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் அமரும்போதுதான் அந்த வாழ்க்கை புரியத் தொடங்கும். எங்கள் தாளில், அப்பா வேலை பார்த்த ஆலை ஏழு மாதம் மூடிக் கிடந்த ஆண்டும் என் தங்கை பிறந்த ஆண்டும் ஒரே வரியில் வந்து நின்றன. அந்த ஏழு மாதங்களைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. அவர் எப்போதும் சட்டைப் பையில் சிறிது பணத்தைத் தொடாமல் வைத்திருந்த பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது அந்த வரியைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

தாளில் வெற்றிடங்கள் இருக்கும். அவற்றைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். நீங்கள் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதாம்.

நான்காம் படி: வேலையிடத்து மனிதரைத் தேடிச் செல்லுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே கடினமானது, இதுவே அதிகம் தருவதும். உடன் வேலை பார்த்தவர்களும் முதியவர்கள். காத்திருக்கக் காத்திருக்க அவர்களின் எண்ணிக்கை குறையும். ஆகவே வீட்டாரிடம் கேட்பதற்கு முன்பே அவர்களிடம் செல்லுங்கள்.

தேடுவதற்கு நல்ல தொடக்கம் பணி நிறைவு விழாவின் குழுப் படம். அதைப் பெரிதாக அச்சிட்டு, அடையாளம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனால், அவர் மற்ற ஐவரின் பெயரைச் சொல்வார். தொழிற்சங்கம், ஓய்வூதியர் சங்கம், வைப்புநிதி அல்லது காப்பீட்டுக் காகிதங்களில் சாட்சிக் கையெழுத்திட்டவர்கள், கைப்பேசியில் முழுப் பெயர் இல்லாமல் வேலைப் பிரிவின் பெயரோடு சேமித்து வைத்த எண்கள் ஆகியவை அடுத்த வழிகள். அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவரைத் தவறாமல் தேடுங்கள். ஒத்த வயதினர் நட்பைச் சொல்வார்கள். அவரிடம் தொழில் கற்றவரோ அவர் கைகள் என்ன செய்தன என்பதைச் சொல்வார்.

“அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு “தங்கமான மனுஷன்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. “காலை ஷிஃப்ட் அன்று அவர் வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியே வந்தது வரை எனக்குச் சொல்லுங்கள்” என்று தொடங்குங்கள். முதலில் எங்கே போவார், எந்த இயந்திரம் அல்லது எந்த மேசை அவருடையது, சாப்பாட்டு வேளையில் யாருடன் உட்காருவார், எந்தப் பட்டப்பெயரில் அழைத்தார்கள், எந்தச் சிக்கல் வந்தால் அவரைத் தேடி ஆள் அனுப்புவார்கள், அவர் செய்த பெரிய தவறு என்ன, மேலதிகாரியிடம் எப்போதாவது எதிர்த்துப் பேசினாரா, வேலைநிறுத்தம் வந்தபோது எந்தப் பக்கம் நின்றார், வீட்டைப் பற்றி என்ன சொல்வார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போகலாம். கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். வீட்டில் உங்களை ஒருமுறைகூடப் பாராட்டாத தந்தை, உங்கள் மதிப்பெண்ணை வேலையிடம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். அதைக் கேட்கும் நாளில் அழுகை வரும். அதற்கும் தயாராகப் போங்கள்.

பேச்சில் வரும் தொழிற்சொற்களைத் திருத்தாமல் அவர்கள் சொல்லும் வடிவத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொழிலிலும் வெளியாருக்குப் புரியாத சொற்கள் உண்டு. கருவிகளுக்குச் செல்லப் பெயர்கள் உண்டு. அச்சொற்களை அகராதித் தமிழுக்கு மாற்றினால் வேலையிடத்தின் ஓசை போய்விடும். நினைவேட்டின் பின்பக்கத்தில் பொருளுடன் ஒரு சிறு சொற்பட்டியல் சேர்த்தால் போதும். முடிந்தால் அந்த வேலையை ஒருவர் செய்வதை நேரில் பாருங்கள், அல்லது ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். வேலை என்னவென்று புரியாமல் அந்த வேலையில் அவர் திறமைசாலி என்று எழுதினால் படிப்பவரும் நம்பமாட்டார்.

வேலை அவர் உடம்பில் விட்டுச் சென்ற தடங்களைப் பற்றியும் கேளுங்கள். 85 டெசிபல் அளவுள்ள ஓசையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்பதைப் பாதுகாப்புக்கான எல்லையாகத் தொழில்நல வல்லுநர்கள் வகுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அந்த எல்லையைத் தாண்டிய இரைச்சலில் பல ஆண்டுகள் நின்றவர்களுக்கு உயர்ந்த சுருதி ஓசைகள்தாம் முதலில் நழுவும். இயந்திரத்தின் தாழ்ந்த அதிர்வு அப்பாவுக்குக் கேட்டதும், பேத்தியின் மெல்லிய குரல் கேட்காமல் போனதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் ஒன்றின் விலைதான் மற்றொன்று. இரவு ஷிஃப்ட் பார்த்தவர் பகலில் எரிச்சலாக இருந்ததும், பாரம் தூக்கியவர் பேரனைத் தூக்கத் தயங்கியதும், எழுத்தர் ஒருவர் ஓய்வுக்குப் பிறகும் கண்ணைச் சுருக்கியபடியே பார்த்ததும் இப்படி விளங்கக்கூடியவை. வீட்டார் குணம் என்று எண்ணியிருந்த பல, வேலை விட்டுச் சென்ற காயங்களாக இருக்கும். இந்தப் பகுதியை எழுதும்போது கவனமாக இருங்கள். மருத்துவரோ உடன் இருந்தவரோ சொன்னதை மட்டும் உறுதியாக எழுதி, உங்கள் ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: வீட்டாரிடம் கேளுங்கள், தனித்தனியாக

எல்லோரும் கூடி அமர்ந்து நினைவுகளைப் பகிர்வது ஆறுதல் தரும். ஆனால் சேகரிப்புக்கு அது முதல் வழியாகக் கூடாது. ஒருவர் உறுதியாகச் சொன்னதை மற்றவர்கள் தங்கள் நினைவாகவே ஏற்றுக்கொண்டுவிடுவதை நினைவாற்றல் ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. மூத்த மகன் குரலை உயர்த்திச் சொன்ன கதையே குடும்பத்தின் கதையாகிவிடும்; இளைய மகளிடம் இருந்த வேறொரு கதை வாய்க்கு வராமலே போய்விடும். முதலில் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுவிட்டு, அதன் பிறகு கூட்டாக உட்காருங்கள்.

எல்லோருக்கும் முன் அவருடைய மனைவியிடம் கேளுங்கள். அவரிடம் மகனாகவோ மகளாகவோ கேட்காமல், அவருடைய வாழ்க்கையையும் கேட்பவராக உட்காருங்கள். ஷிஃப்ட் மாறியபோதெல்லாம் வீட்டின் நேரத்தை மாற்றியவர் அவர்; பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டவர் அவர். அந்த உழைப்பைச் சொல்லாத நினைவேடு பாதி நினைவேடு. அவர் பேச விரும்பாத நாளில் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தவர்கள் அவருடைய உடன்பிறந்தவர்களும் பால்ய நண்பர்களும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் தங்கள் வாழ்க்கையை நினைவுகூரும்போது ஏறக்குறைய 10 முதல் 30 வயது வரையிலான நிகழ்ச்சிகளே மிகுதியாக எழுகின்றன என்பது உளவியலில் நன்கு நிலைபெற்ற செய்தி. ஆகவே அவர்களிடம் இளமைக் காலத்தைப் பற்றிக் கேட்டால் அள்ளித் தருவார்கள். ஒரு பொருளையோ படத்தையோ கையில் கொடுத்துக் கேட்பது வெறுங்கையோடு கேட்பதைவிட எப்போதும் நல்லது.

பதிவு செய்யும் முறை எளிது. அனுமதி கேட்டு, கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, இரண்டு கருவிகளில் பதியுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், உறவு ஆகியவற்றை நீங்களே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் டேவ் ஐசே 2003-இல் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பு, எளிய மனிதர்கள் இருவர் ஒருவரையொருவர் கேட்டுப் பேசும் உரையாடலை 40 நிமிட அளவில் பதிந்து நாடாளுமன்ற நூலகத்தில் சேர்த்துவருகிறது. அந்த அளவு முதியவர்களுக்குப் பொருத்தமானது. அதற்கு மேல் களைப்பு பதில்களில் தெரியும். அவர் மௌனமானால் அடுத்த கேள்விக்குப் பாயாமல் பத்து நொடி காத்திருங்கள். சிறந்த செய்திகள் அந்த மௌனத்துக்குப் பின்னால்தான் வருகின்றன.

நீங்கள் எழுத நினைப்பவர் இன்னும் உங்களுடன் இருக்கிறார் என்றால், இதைப் படித்து முடித்ததும் அவரிடமே போய் உட்காருங்கள். கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவும் அவருடைய குழுவினரும் வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களுக்காக ஒரு முறையை வகுத்து, 2005-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். எப்போது மிகவும் உயிர்ப்போடு இருந்தீர்கள், எதை நிறைவேற்றியதில் பெருமை, குடும்பத்தார் எதை அறிய வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு அவர்கள் சொல்வதைப் பதிந்து, எழுத்தாக்கிச் சீர்செய்து, அவர்களுக்கே வாசித்துக் காட்டித் திருத்தி, குடும்பத்துக்குக் கொடுக்கும் முறை அது. வாசித்துக் காட்டித் திருத்தும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: ஓய்வுக்குப் பிந்தைய ஆண்டுகளை ஒரே வரியில் முடிக்காதீர்கள்

“பணி ஓய்வுக்குப் பின் பேரப் பிள்ளைகளுடன் மகிழ்ச்சியாகக் கழித்தார்” என்று பதினைந்து இருபது ஆண்டுகளை ஒரே வரியில் மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஓய்வின் முதல் வாரத்தில் அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எந்த உடையை அணிந்தார், வேலை நேரத்தில் எங்கே உட்கார்ந்தார் என்று மனைவியிடம் கேளுங்கள். பலர் மாதக்கணக்கில் பழைய நேரத்துக்கே எழுந்து, குளித்து, போக இடமில்லாமல் வாசலில் நின்றிருப்பார்கள். கருவிகளை எப்போது மீண்டும் கையில் எடுத்தார், யாருடைய குழாயைச் சரிசெய்தார், யாருக்குக் கணக்கெழுதிக் கொடுத்தார், எந்தப் புதிய பழக்கம் வந்தது என்பவை அங்கிருந்து தொடரும். வேலையிடத்து மனிதர் வீட்டுக்குள் குடிவந்த காலம் அது. இரண்டு துண்டுகளும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் காலம் வேறில்லை.

நோயைப் பற்றி எழுத இரண்டு பத்திகள் போதும். நெடுநாள் படுக்கையில் இருந்தவரைப் பற்றி எழுதும்போது, அண்மைய நினைவு என்பதால் கடைசி ஆண்டு எழுபது ஆண்டுகளையும் மறைத்துவிட எத்தனிக்கும்.

ஏழாம் படி: சொல்லத் தயங்குபவை

கோபக்காரராக இருந்திருக்கலாம். குடித்திருக்கலாம், கடன் பட்டிருக்கலாம், தம்பியோடு இருபது ஆண்டுகள் பேசாமல் இருந்திருக்கலாம். இவற்றை என்ன செய்வது என்பதற்கு நான் கைக்கொண்ட விதிகள் மூன்று. அவர் நம்பிச் சொன்ன இரகசியத்தை எழுதக் கூடாது. உயிரோடிருக்கும் எவரையும் காயப்படுத்தும் செய்தியை அவருடைய சம்மதமின்றி எழுதக் கூடாது. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதக் கூடாது. விட்டுவிடுவதற்கு உங்களுக்கு உரிமையுண்டு. மாற்றிச் சொல்வதற்கு இல்லை. பேசாமல் இருந்த தம்பியைக் குறிப்பிடாமல் விடலாம், இருவரும் இணைபிரியாதவர்கள் என்று எழுதலாகாது. படிக்கும் தம்பிக்கு உண்மை தெரியும்.

குறைகளை முற்றிலும் நீக்கிவிட்ட நினைவேட்டில் நிறைகளும் ஒளி இழக்கும். கோபத்தில் தட்டை எறிந்தவர் மறுநாள் விடியற்காலையில் ஒன்றும் பேசாமல் மகனின் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டு வைத்தார் என்றால், இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் இரண்டாவது புரியும். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் அதைக் கைகளால் கேட்டிருப்பார்கள்.

எட்டாம் படி: எழுதத் தொடங்குதல்

பிறப்பிலிருந்து தொடங்க வேண்டாம். உங்கள் குறிப்புகளில், வீட்டு மனிதரும் வேலை மனிதரும் ஒன்றாகத் தெரியும் நிகழ்ச்சி ஒன்று இருக்கும். அதில் தொடங்கி, அதன் பின் ஆண்டு வரிசைக்குப் போங்கள்.

முதல் வரைவை எழுதி முடித்ததும், குணத்தைச் சொல்லும் எல்லாச் சொற்களின் கீழும் கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு, அந்தக் குணம் வெளிப்பட்ட ஒரு செயலை அந்த இடத்தில் வையுங்கள். “சிக்கனமானவர்” என்பதற்குப் பதிலாக, பழைய காலண்டர் தாள்களை அளவாக வெட்டி, பின்புறத்தில் கணக்கெழுதத் தைத்து வைத்திருந்தார் என்று எழுதுங்கள். “நேர்மையானவர்” என்பதற்குப் பதிலாக, ஓவர்டைம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கணக்கிடப்பட்டதைக் கண்டு தாமே போய்த் திருத்தச் சொன்ன நாளை எழுதுங்கள். வைப்பதற்குச் செயல் எதுவும் கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

தமிழ் நமக்கு இங்கே ஒரு பெரிய உதவி செய்கிறது. சென்ற காலத்து வழக்கங்களை நாம் எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம்: “ஐந்து மணிக்கு எழுவார், வானொலியைத் திருகுவார், செருப்பைத் துடைத்து வைப்பார்.” படிப்பவருக்கு அவர் நாளையும் எழுவார் போல் தோன்றும். ஒருமுறை மட்டும் நடந்ததை “எழுந்தார், சென்றார்” என்று இறந்தகாலத்தில் சொல்லுங்கள். இவ்விரண்டையும் தெரிந்தே மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், வழக்கம் எது, நிகழ்ச்சி எது என்பதை விளக்காமலே படிப்பவர் உணர்வார். வேறு எந்த அலங்காரமும் இந்த அளவுக்குப் பயன் தருவதில்லை.

உறவுப் பெயர்களில் குழப்பம் வரும். உங்களுக்கு அப்பா, ஒருவருக்குப் பெரியப்பா, இன்னொருவருக்கு மாமா, மற்றொருவருக்குத் தாத்தா. எழுதுபவர் யார் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லி, நூல் முழுவதும் அந்த ஒருவரின் அழைப்பிலேயே எழுதுங்கள். மற்றவர்கள் சொன்னவற்றை அவரவர் பெயரும் உறவும் போட்டு, அவரவர் அழைப்பிலேயே தனிப் பகுதியாகத் தரலாம். அவர் பேசிய வாக்கியங்களை மட்டும் பேசியபடியே, பேச்சு வழக்கிலேயே மேற்கோளில் வையுங்கள். “கவலைப்படாதே” என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, “விடு, பாத்துக்கலாம்” என்றுதான் சொன்னார் என்றால், அதைத் திருத்தினால் அவர் குரல் போய்விடும்.

ஒரு வேளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்வின் கடுமையான அனுபவங்களை நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதியவர்களுக்கு எழுதிய உடனே மனம் கனத்தது. நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகவே சென்றார்கள். எழுதி எழுந்தவுடன் சோர்வு தோன்றினால் தவறாக எழுதிவிட்டோம் என்று எண்ண வேண்டியதில்லை. தூக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் எழுத்தை மூடிவைத்து, மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: படங்களும் ஒலிப்பதிவுகளும்

பழைய அச்சுப் படங்களைக் குறைந்தது 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து, டிஃப் வடிவில் மூலப் பிரதியும் ஜேபெக் வடிவில் பயன்பாட்டுப் பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயர் ஆண்டில் தொடங்கட்டும். படத்தின் பின்புறம் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் தடம் பதிக்கும். பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் படங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஒலிநாடாக்களின் காந்தப் பூச்சு காலப்போக்கில் சிதையும் என்பதால் அவற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காமல், முதல் ஓட்டத்திலேயே கணினிக்கு மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புகளில், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

பத்தாம் படி: சரிபார்த்தலும் அச்சிடுதலும்

வேலையைப் பற்றிய பகுதிகளை உடன் வேலை பார்த்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கருவியின் பெயரில் ஒரு பிழை இருந்தாலும் அவர்கள் கண்ணில் முழுப் பக்கமும் பிழையாகிவிடும். முழு வரைவையும் முதலில் அவருடைய மனைவிக்கு வாசித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்பதை விவாதமின்றி நீக்குங்கள். பிறகே மற்றவர்களுக்கு. ஒருவருக்கொருவர் முரண்படும் நினைவுகளைச் சமரசம் செய்யாமல், இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார் என்று இரண்டையும் வைக்கலாம்.

பொதுவில் பகிரும் பிரதியில் அடையாள எண்கள், கையெழுத்துப் படம், வீட்டு முகவரி, முழுப் பிறந்த தேதி ஆகியவை இருக்கக் கூடாது. இறந்தவரின் விவரங்களைக் கொண்டு மோசடி செய்பவர்கள் அவற்றைத்தான் தேடுகிறார்கள். குடும்பப் பிரதியில் வைத்துக்கொள்ளலாம்.

அச்சிடும்போது ஏ5 அளவும், முதியவர்கள் படிக்க 13 அல்லது 14 புள்ளி எழுத்தும், அமிலமற்ற தாளும் கேளுங்கள். தேவைப்படும் எண்ணிக்கையைவிடப் பத்துப் பிரதிகள் கூடுதலாக அச்சிடுங்கள். வேலையிடத்து நண்பர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் ஒன்று கேட்பார்கள். கடைசியில் எட்டுப் பக்கங்களை வெற்றாக விட்டு, மேலே “நீங்கள் அறிந்தது” என்று மட்டும் அச்சிடுங்கள். ஒரு பிரதியை வீட்டிலேயே வைத்து, வருகிறவர்கள் சொல்லும் திருத்தங்களையும் புதிய கதைகளையும் தேதி போட்டு அதில் எழுதிவாருங்கள். எங்கள் பிரதியில் முதல் வெற்றுப் பக்கத்தை நிரப்பியவர், ஸ்க்ரூ டிரைவர் கதையைச் சொன்ன அந்த நண்பர். அது ஸ்க்ரூ டிரைவர் இல்லை, அப்பா அதற்கென்றே தேய்த்துச் செய்து வைத்திருந்த ஓர் இரும்புக் கம்பி என்று திருத்தி, பக்கத்தில் அதன் நீளத்தையும் வரைந்து காட்டிவிட்டுப் போனார். கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். எதற்கென்று தெரியாமல் நாங்கள் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த கம்பி அது.